இடப்பக்கத்துப் புள்ளிகள்

1

டிசம்பர் 31, புதன்கிழமை. ஸ்ரீரங்கத்தில் அக்கா வீடு. நாலரை மணிக்கு எழுந்தேன். படுக்கையைச் சுருட்டி வைத்து, பல் துலக்கி, வெந்நீர் போட்டேன். சமையலறையில் அக்கா எனக்கு மட்டும் ஒரு தம்ளர் காபி கலந்து வைத்திருந்தாள். முந்தைய நாள் வைகுண்ட ஏகாதசி. அவளுடைய விரதம் இன்னும் முடியவில்லை. துவாதசி காலையில் இலை போட்டு, அகத்திக்கீரையோடு சாப்பிட்டால்தான் முடியும்.

"குடிச்சிட்டு தம்ளரைக் கழுவி வைக்காத தம்பி. ஹாலந்துல கழுவுறது போதும்," என்றாள். கோலமாவு டப்பாவையும் தண்ணீர் வாளியையும் எடுத்துக்கொண்டு வாசலுக்கு இறங்கினாள். நான் காபியைக் குடித்துவிட்டுக் குளிக்கப் போனேன்.

என்னைத் தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். எனக்கு ஐம்பத்தொரு வயது. துறையூர்ப் பக்கம் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவன். நெதர்லாந்தில் ஐந்தோவென் நகரத்தில் இயந்திர உதிரிபாகங்களின் அளவைச் சரிபார்க்கும் வேலை. அங்கே போய் இருபது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. அக்கா வளர்மதி என்னைவிட ஏழு வயது பெரியவள். அவள் கணவர் ராஜேந்திரன் மாமா பொன்மலை ரயில்வே பணிமனையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவர்களுடைய ஒரே மகன் ஆஸ்திரேலியாவில் இருக்கிறான். ஸ்ரீரங்கம் வீட்டில் இவர்கள் இரண்டு பேர்தான்.

2

வெளிநாட்டில் இருப்பவன் எதற்குப் பயப்படுகிறான் என்று கேட்டால் வேலை, விசா, குளிர் என்று பலரும் சொல்வார்கள். அதெல்லாம் முதல் ஐந்து வருடத்தோடு போய்விடும். மிச்சமிருப்பது தொலைபேசி. ஊரிலிருந்து பழக்கமில்லாத நேரத்தில் அழைப்பு வந்தால் எடுப்பதற்கு முன் ஒருமுறை உட்கார்ந்துகொள்வேன். ஒருமுறை மாமா தெரியாமல் கைபட்டு அழைத்துவிட்டார். மறுமுனையில் தொலைக்காட்சி ஓடும் சத்தம் மட்டும் கேட்டது.

டிசம்பர் கடைசியில் ஐந்தோவெனில் எங்கள் தெரு வெறிச்சோடிவிடும். எல்லோரும் விடுமுறையில் இருப்பார்கள். ஜன்னல்களில் விளக்கு எரியும், ஆனால் ஆள் நடமாட்டம் இருக்காது. இதே நாட்களில் அக்காவுக்கு வீட்டில் உட்கார நேரம் கிடைக்காது. பெரிய கோயிலில் பகல்பத்து, இராப்பத்து உற்சவங்கள். தெருப் பிள்ளைகளுக்குப் பாசுரம் ஒப்பிக்கும் போட்டி; அதில் அவள்தான் நடுவர். கிறிஸ்துமஸுக்கு மறுநாள் பொன்மலைக் குடியிருப்பில் மாமாவின் பழைய சிநேகிதர்கள் வீடுகளுக்குப் போய் குடில் பார்ப்பாள். யார் வீட்டில் மலை நன்றாக வந்திருக்கிறது, யார் வீட்டில் ஒட்டகம் மாட்டைவிடச் சின்னதாக இருக்கிறது என்று மதிப்பெண் போடாத குறை. வருடக் கடைசி நாளில் தெருக்காரர்கள் நடத்தும் கோலப் போட்டி. அவரவர் வாசலில் அவரவரே போட வேண்டும், அடுத்தவர் கை படக்கூடாது என்பது விதி.

மார்கழி முழுக்க அன்றன்றைய கோலத்தைப் படமெடுத்துக் குடும்பக் குழுவில் அனுப்புவாள். நான் வேலைக்குப் போகும் பஸ்ஸில் அதைப் பார்ப்பேன். ஒரு கட்டைவிரல் அடையாளம் போடுவேன். என் மகள் நிலாவுக்குப் பதினேழு வயது. அவள் முன்பெல்லாம் ஒரு பூ அனுப்புவாள். இரண்டு வருடமாக அதுவும் இல்லை. குழுவைச் சத்தமில்லாமல் வைத்திருக்கிறாள் என்று பிறகு தெரிந்தது. இந்த முறை ஊருக்குக் கூப்பிட்டேன். புத்தாண்டு வாணவேடிக்கைக்குச் சிநேகிதிகளோடு போக வேண்டும் என்றாள். அவளைத் தனியாக விட முடியாது என்று என் மனைவியும் அங்கேயே இருந்துவிட்டாள். நான் மட்டும் வந்தேன்.

3

குளித்து வந்தபோது தெருவில் பாசுரம் ஒலிபெருக்கியில் ஓடிக்கொண்டிருந்தது. இன்னும் வெளிச்சம் வரவில்லை. வாசல் விளக்கில் அக்காவின் கோலத்தைப் பார்த்தேன்.

இருபத்தொரு புள்ளியில் சிக்குக் கோலம். கம்பிக்கோடு புள்ளியைச் சுற்றிச் சுற்றிப் போய், தொடங்கிய இடத்துக்கே வந்து மூட வேண்டும். அக்கா அதில் கைதேர்ந்தவள். போட்டிக்காக ஒரு வாரமாகத் தாளில் போட்டுப் பார்த்திருந்தாள். வீட்டைப் பார்த்து நின்றால் கோலத்தின் வலப்பக்கம் அச்சடித்தது போல இருந்தது. இடப்பக்கத்தில் புள்ளிகள் மட்டும் இருந்தன. கம்பிகள் நடுவரை வந்து, வாய் திறந்தபடி நின்றன.

அக்கா டப்பாவை மூடிக்கொண்டிருந்தாள்.

மீதியை எப்போது போடப் போகிறாய் என்று கேட்டேன். எந்த மீதி என்று கேட்டாள். நான் கையைக் காட்டினேன். அவள் பார்த்தாள்.

"முடிச்சாச்சு தம்பி. இதுக்கு மேல இதுல என்ன இருக்கு?"

எதிர்வீட்டு ஜெயந்தி படமெடுக்க வந்தார். போட்டியை நடத்துபவர் அவர்தான். எல்லாக் கோலத்தையும் விடிவதற்குள் படமெடுத்து வைப்பார். மாடு, வண்டி ஏதாவது ஏறிவிட்டால் தகராறு வரும் அல்லவா. அவர் செல்போனைத் தூக்கிப் பிடித்து, சிரித்துக்கொண்டே சொன்னார். "என்ன வளர்க்கா, பாதிக்குப் பாதி தள்ளுபடியா? புது டிசைனா இருக்கே." அக்காவும் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வேலையில் அளவு தவறி வந்த பாகத்தைப் பார்ப்பது போல அந்த இடப்பக்கத்தையே பார்த்தேன்.

ஜெயந்தியைத் தனியே கூப்பிட்டுச் சொன்னேன். அவர் என் தோளைத் தட்டாத குறையாக ஆறுதல் சொன்னார். நேற்று முழுக்கப் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை, அதற்கு முந்தைய ராத்திரி சொர்க்கவாசல் வரிசையில் நின்றிருக்கிறாள், தூக்கமே இல்லை, கண் இருட்டத்தானே செய்யும், வாயில் ஏதாவது போட்டால் சரியாகிவிடும் என்றார். மாமாவும் மாடியிலிருந்து இறங்கி வந்து அதையேதான் சொன்னார். ஏகாதசிக்கு மறுநாள் இந்தத் தெருவில் யாருக்குத் தலை சுற்றினாலும் காரணம் தெரிந்ததுதான். நான் சொன்னதைக் கேட்க அங்கே இடமே இல்லை.

இரத்த அழுத்த மாத்திரை சாப்பிட்டாளா என்று மாமாவிடம் கேட்டேன். "விரதத்தன்னிக்கு எப்படி மாப்ள மாத்திரை? அதுவும் உள்ள போறதுதான?" என்றார்.

4

எங்கள் நிறுவனத்தில் வருடத்துக்கு ஒருமுறை முதலுதவிப் பயிற்சி உண்டு. பக்கவாதம் என்று சந்தேகம் வந்தால் மூன்று காரியம் செய்யச் சொல்வார்கள். சிரிக்கச் சொல், இரண்டு கையையும் தூக்கச் சொல், ஒரு வாக்கியம் பேசச் சொல். மூன்றில் ஒன்று கோணினாலும் உடனே அழை.

அக்காவை நாற்காலியில் உட்காரவைத்துச் சிரிக்கச் சொன்னேன். கோணாமல் சிரித்தாள். கையைத் தூக்கச் சொன்னேன். இரண்டும் சமமாக உயர்ந்தன.

"காலங்காத்தால எனக்கு டிரில் வகுப்பு எடுக்கத்தான் ஏரோப்ளேன் ஏறி வந்தியா?" என்றாள். பேச்சிலும் குழறல் இல்லை.

மூன்றிலும் தேறிவிட்டாள். மாமா என்னைப் பார்த்த பார்வையில், போதுமா என்றிருந்தது. எனக்கு ஆறுதல் வந்திருக்க வேண்டும். வரவில்லை. நான் கற்றது அவ்வளவுதான். அதற்கு மேல் என்ன கேட்க வேண்டும் என்று தெரியாது. ஒன்றுமில்லாததைப் பெரிதாக்கி, விரதக்காரியை ஆஸ்பத்திரிக்கு இழுத்தேன் என்ற பெயர் வந்துவிடுமோ என்றும் ஒரு கூச்சம். அந்தக் கூச்சத்தில் கொஞ்ச நேரம் போனது.

மாமா அவளைத் தரையில் உட்காரவைத்து இலை போட்டார். அகத்திக்கீரை, நெல்லிக்காய்ப் பச்சடி, சுண்டைக்காய் வறுவல், சோறு, பருப்பு. கீரையை முறைப்படி இலையின் நுனிப்பக்கம், அதாவது அவளுடைய இடப்பக்கம் வைத்தார். அக்கா கண்ணை மூடிக் கும்பிட்டுவிட்டு இலையைப் பார்த்தாள்.

"கீரை எங்க?"

இலையில்தானே இருக்கிறது என்று மாமா சொன்னார்.

"எங்க இருக்கு? துவாதசியன்னிக்கு அகத்திக்கீரை வைக்காம இலை போட்டா அதுக்குப் பேரு என்னங்க?"

மாமா சிரித்தார். அவள் தன்னைச் சீண்டுகிறாள் என்று நினைத்துவிட்டார். நான் இலையின் இரு முனையையும் பிடித்து, அப்படியே ஒரு பாதிச் சுற்று சுற்றினேன். நுனி வலப்பக்கம் வந்தது.

"ஆங், இப்ப வெச்சீங்க," என்றாள் அக்கா. கை கீரைக்குப் போனது. பச்சடியும் வறுவலும் இப்போது இடப்பக்கம் போயிருந்தன. அவளைப் பொறுத்தவரை அவை இலையிலேயே இல்லை.

மாமாவின் சிரிப்பு நின்றது.

நான் இலையை எடுத்துவிட்டேன். பக்கவாதம் வந்தவருக்கு விழுங்குவதில் கோளாறு இருக்கலாம், எதையும் வாயில் கொடுக்கக்கூடாது என்பது மட்டும் நினைவிருந்தது. மாமாவுக்கு முகம் சிவந்துவிட்டது. முந்தைய நாள் முழுக்கப் பட்டினி கிடந்தவள் முன்னாலிருந்து இலையை எடுப்பதா?

"ரெண்டு வாய், மாப்ள. ரெண்டே வாய் தின்னுட்டு வரட்டும்."

"வேணாங்க மாமா."

"அவ இத்தனை வருஷத்துல ஒரு துவாதசி விட்டதில்ல."

"மாமா, உங்க கால்ல விழுறேன். வேணாங்க."

அவர் மனைவியைப் பார்த்தார். அவள் வெறும் தரையில் வலப்பக்கமாகக் கையால் துழாவிக்கொண்டிருந்தாள். அவர் செருப்பை மாட்டினார்.

5

நூற்றெட்டுக்கு அழைத்தேன். தெருவெல்லாம் கம்பித் தடுப்பு, கூட்டம் இன்னும் குறையவில்லை, வண்டி ராஜகோபுரத்துக்கு வெளியேதான் நிற்க முடியும், அதுவரை ஆளைக் கொண்டுவந்துவிடுங்கள் என்றார்கள். நடத்திக் கூட்டிப்போகப் பயம். மாமா ஸ்கூட்டரை எடுக்கிறேன் என்றார், நான் விடவில்லை. போட்டிக்கு நடுவர்கள் உட்காரப் போட்டிருந்த பிளாஸ்டிக் நாற்காலியில் அக்காவை உட்காரவைத்து, தெருக்காரர்கள் இருவரும் மாமாவும் நானும் தூக்கினோம். ஜெயந்தி முன்னால் ஓடி, வழி விடச் சொல்லிக்கொண்டே போனார்.

அக்காவுக்குத் தனக்கு ஒன்றும் இல்லை என்பதில் சந்தேகமே இல்லை. கோபமும் வெட்கமுமாக வந்தாள். "பெருமாளுக்குச் சாயங்காலம்தான் புறப்பாடு. எனக்குக் காலையிலயேவா?" என்றாள். வரிசையில் நின்ற வெளியூர்க்காரர்கள் சிலர் சிரித்துவிட்டார்கள். போலீஸ்காரர் ஒருவர் தடுப்பைத் திறந்தபோதுதான் அவளுடைய இடது கையைப் பார்த்தேன். நாற்காலிக்கு வெளியே தொங்கி, கம்பியில் உரசி, புறங்கை சிராய்த்து ரத்தம் வந்திருந்தது. அவளுக்கு அது தெரியவே இல்லை. நான் கையை எடுத்து மடியில் வைத்தேன். யாருடைய கையையோ வைத்தது போல அது மறுபடி வழுக்கி விழுந்தது. அரைமணி முன்பு வலது கைக்குச் சமமாக உயர்ந்த கை.

காவிரிப் பாலத்தில் ஆம்புலன்ஸ் எறும்பாக ஊர்ந்தது. திருச்சிப் பக்கமிருந்து சொர்க்கவாசல் சேவிக்க வரும் பஸ்கள் எதிரே வரிசையாக நின்றன. சைரன் ஊளையிட்டதே தவிர, போக இடமில்லை.

ஆஸ்பத்திரி வரவேற்பில் நோயாளியின் ஆதார் கேட்டார்கள், கொடுத்தோம். கூட இருப்பவரின் ஆதார் என்றார்கள். என்னிடம் இருப்பது நெதர்லாந்து பாஸ்போர்ட்டும் வெளிநாட்டு இந்தியர் அட்டையும். அந்தப் பெண் இரண்டையும் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "சார், நீங்க விசிட்டர்தான். கையெழுத்து அவர் போடட்டும்," என்றார். அதில் தப்பொன்றும் இல்லை. ஆனாலும் கூடப் பிறந்தவளுக்கு நான் விசிட்டர் என்று ஒரு கணினியில் ஏறியது.

6

ஸ்கேன் எடுத்தார்கள். மருத்துவர் இளம்பெண், நிதானமாகப் பேசினார். மூளையின் வலப்பக்கத்துக்குப் போகும் ரத்தக்குழாயில் அடைப்பு, ரத்தக் கசிவு இதுவரை இல்லை. ரத்தக்கட்டியைக் கரைக்க ஊசி உண்டு. பாதிப்பு தொடங்கி நாலரை மணி நேரத்துக்குள் போட்டால்தான் பலன். நேரம் தாண்டிய பிறகு போட்டால் மூளைக்குள் ரத்தம் கசிந்து உயிருக்கே ஆபத்தாகலாம்.

"அதனால எனக்கு ஒண்ணு சரியாத் தெரியணும். கடைசியா அவங்க எந்தக் குறையும் இல்லாம இருந்ததை யார் பார்த்தீங்க? எப்போ?"

விடியற்காலையில் மாமா மாடியில் தூங்கிக்கொண்டிருந்தார். பார்த்தது நான்தான். நாலரைக்குக் காபி கொடுத்தாள் என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்ல முடியவில்லை. அப்போது குறை இல்லை என்று எனக்கு எப்படித் தெரியும்? சமையலறையில் நான் அவளுடைய வலப்பக்கம் நின்றேன். பேசினாள், சிரித்தாள். கோலம் போட்ட பிறகும்தான் பேசினாள், சிரித்தாள், இரண்டு கையையும் தூக்கினாள். தூக்கத்திலேயே வந்திருந்தால், எழும்போதே இடப்பக்கம் போயிருந்தால், கணக்கு முந்தைய ராத்திரியிலிருந்து தொடங்கும். ஊசி போடவே கூடாது. நான் தவறாகச் சொன்னால் என் வார்த்தையே அவளைக் கொன்றுவிடும். தெரியாது என்றால் ஊசி கிடையாது, அவளுடைய பாதி உலகம் போனது போனதுதான். முப்பது வருடமாக அளவு பார்த்துக் கையெழுத்துப் போடுகிறவன் நான். ஒரு பாகத்துக்கும் இப்படித் தயங்கியதில்லை.

அப்போதுதான் புள்ளிகள் நினைவுக்கு வந்தன. கோலத்தில் முதலில் எல்லாப் புள்ளியையும் வைத்து முடித்த பிறகுதான் கம்பி இழுப்பார்கள். ஜெயந்தியை அழைத்து, எடுத்த படத்தை அனுப்பச் சொன்னேன். வந்தது. மருத்துவரிடம் நீட்டினேன். அவர் விரலால் படத்தை விரித்து, இடப்பக்கத்தை நெடுநேரம் பார்த்தார். வரிசை பிசகாமல், வலப்பக்கம் இருந்தது போலவே ஒவ்வொரு புள்ளியும் அங்கே இருந்தது.

"இந்தப் பக்கப் புள்ளியை வேற யாரும் வைக்கலையே?"

மாமா முந்திக்கொண்டார். "அவ கோலத்துல அடுத்தவங்க கைய வைக்க விடமாட்டாம்மா. போட்டிலயும் கூடாது."

"புள்ளி வைக்கும்போது யாராவது பார்த்தாங்களா?"

ஜெயந்தி இன்னும் இணைப்பில் இருந்தார். தான் ஒலிபெருக்கியைப் போடப் போனபோது அக்கா கடைசி வரிசைப் புள்ளிகள் வைத்துக்கொண்டிருந்ததாகவும், சத்தத்தைக் குறைத்து வை என்று சொன்னதாகவும் சொன்னார். ஒலிபெருக்கி தினமும் ஐந்து மணிக்குத்தான் போடுவார்கள். போலீஸ் அனுமதி அப்படி.

மருத்துவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். மணி எட்டு. "ஐந்துன்னு எழுதிக்கறேன். நீங்க ரெண்டு பேரும் ஒத்துக்கறீங்களா?"

மாமா என்னைத்தான் பார்த்தார். நான் தலையசைத்தேன். அவர் கையெழுத்துப் போட்டார். பெயரில் ஒரு எழுத்து விட்டுப்போனது. மறுபடி போட்டார்.

7

ஊசி போட்டாகிவிட்டது. ஒரு நாள் முழுக்கப் பார்க்க வேண்டும், தலைவலி, வாந்தி, மயக்கம் வந்தால் கசிவு என்று அர்த்தம் என்றார்கள். தீவிர சிகிச்சைப் பிரிவின் கதவு திறக்கும்போதெல்லாம் எழுந்து நின்றேன். வேறு யாரையாவது கூப்பிட்டால் உட்கார்ந்தேன். ஒவ்வொரு தடவையும் ஐந்து மணி சரிதானா என்று மறுபடி முதலிலிருந்து யோசித்தேன்.

மதியம் நிலா அழைத்தாள். அவளுக்குத் தெரிந்த தமிழும் எனக்குத் தெரிந்த டச்சும் கலந்து நடந்ததைச் சொன்னேன். பிறகு தமிழில் கேட்டாள். "அப்பா, அந்தப் படம் குரூப்ல வந்துச்சா?"

வரவில்லை. நான் நேரில் இருந்ததால் அக்கா அன்று அனுப்பவில்லை. நான் வராமல் இருந்திருந்தால் அனுப்பியிருப்பாள். பஸ்ஸில் அதைப் பார்த்திருப்பேன். பாதிக் கோலத்துக்கு ஒரு கட்டைவிரல் போட்டுவிட்டு வேலைக்குப் போயிருப்பேன். இதை நான் மகளிடம் சொல்லவில்லை.

இன்னொன்றையும் சொல்லவில்லை. அக்கா வாசலில் கோலம் போட்டாள், மாமா அவளுக்கு இலை போட்டார். அதனால் தெரிந்தது. ஐந்தோவெனில் நாங்கள் மூவரும் மூன்று நேரத்தில் எழுந்து, அவரவர் கிண்ணத்தில் எதையோ போட்டு, நின்றுகொண்டே தின்றுவிட்டுக் கிளம்புகிறோம். எனக்குப் பாதி போனால் எது பாதியில் நிற்கும்? யார் கண்ணில் படும்? அந்த நாற்காலியில் உட்கார்ந்து எவ்வளவோ யோசித்தேன். ஒன்றும் கிடைக்கவில்லை.

மாலையில் நகரமெங்கும் புத்தாண்டுப் பாட்டு. எங்களை வீட்டுக்குப் போகச் சொன்னார்கள். போகவில்லை. மாமாவுக்கு மட்டும் பார்க்க அனுமதி கிடைத்தது. அவர் திரும்பி வந்து, கட்டிலின் வலப்பக்கம் நாற்காலி போட்டு உட்கார்ந்ததாகவும், அவளுக்குத் தன்னை அடையாளம் தெரிவதாகவும், சோறு கேட்பதாகவும் சொன்னார். அவர் அந்தப் பக்கம் நகர்ந்தபின் மருத்துவர் என்னிடம் சொன்னார்: அந்தப் பக்கம் உட்காராதீர்கள். அவர்களுக்குத் தெரியாத பக்கம் நின்று கூப்பிடுங்கள். அந்தப் பக்கம் என்று ஒன்று இருப்பதை மூளை மறுபடி தேடட்டும்.

ஜனவரி 1, வியாழக்கிழமை. காலையில் கதவு திறந்ததும் உள்ளே போய், முதல் வேலையாக நாற்காலியைத் தூக்கிக் கட்டிலுக்கு இடப்பக்கம் போட்டேன். உட்கார்ந்து "அக்கா" என்றேன். அவள் வலப்பக்கம் பார்த்து, "தம்பியா? எங்க நிக்கிற?" என்றாள். மறுபடி கூப்பிட்டேன். முகம் தலையணையில் மெல்லத் திரும்பி, நேர் மேலே, கூரையைப் பார்க்கும்வரை வந்து நின்றது. நான் இன்னும் ஒருமுறை கூப்பிட்டேன்.